கவுண்டரின் கட்டைவிரலும் மைதீன் ராவுத்தரும்

பொள்ளாச்சியிலிருந்து வந்த முதல் பஸ்ஸின் கண்டக்டர்தான் சொன்னார். "உங்க எதிர்க்கடை ராவுத்தரு மக ஊட்டுல தவறிட்டாருங்க." பூட்டிய கடையைப் பார்த்தேன். கொழிஞ்சாம்பாறை கடைவீதியில் அந்தக் கடை பூட்டியிருந்தால் எனக்கு உள்ளூரக் குஷிதான். வாடிக்கை முழுக்க என் வாட்ச் ரிப்பேர் கடைப் பக்கம் வரும். அன்று நானும் கடையைத் திறக்கவில்லை.

மைதீன் ராவுத்தரிடம் வாட்ச் கொடுத்த உங்களுக்கெல்லாம் அவர் வழக்கம் தெரியும். எடுத்தவுடன் மூடியைத் திறக்கமாட்டார். உலகச் சண்டை முடிந்தபின் நம் பக்கம் வந்த குரோனோகிராப்புகளை, அதாவது நேரம் அளக்க முள்ளை ஓட்டி நிறுத்தப் பொத்தான் வைத்த கைக்கடிகாரங்களை, அமுக்கிப் பார்த்தே உள்ளே இன்ன மிஷின் என்பார். வாட்ச் முகத்தில் ஒரே கம்பெனிப் பேர் இருந்தாலும் உள்ளே மிஷின் வேறாக இருக்கும். "ஒரே துணியில சட்டை போட்டா ரெண்டு பேரும் ஒரே ஆளாயிருவாங்களா?" என்று சிரிப்பார். பெரிய மேதாவி என்று நான் முணுமுணுத்ததுண்டு.

எருத்தேன்பதி சின்னச்சாமிக் கவுண்டர் ரேக்ளா பந்தயங்களுக்கு நேரம் பார்ப்பவர். அவருடைய குரோனோகிராப்பை நான் சுத்தம் செய்து கொடுத்திருந்தேன். சந்தை நாளில் மச்சானின் வாட்சையும் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். இரண்டுக்கும் ஒரே முகம், ஒரே பேர். மூடிகளைத் திறந்தால், மச்சானுடையதில் சின்னத் தூண்கள் நிற்கும் சக்கரம் இருந்தது. இவருடையதில் அந்த இடத்தில் தட்டையான தகடு.

"நல்ல மிஷினை உருவிக்கிட்டு மட்டத்தைப் போட்டுட்டீங்க!" என்று கத்தினார். கூட்டம் கூடிவிட்டது. திருடன் என்று ஒருமுறை பேர் விழுந்தால் அப்புறம் எந்தக் கையில் கட்டிய வாட்சும் என்னிடம் வராது.

ராவுத்தர் தெருவைக் கடந்து வந்தார். அவர் சும்மா இருந்திருந்தாலே என் கடை மூடியிருக்கும். இரண்டு வாட்சையும் கண்ணாடி போட்டுப் பார்த்தார். "கம்பெனிக்காரனே ரெண்டு வித மிஷின் போட்டிருக்கானுங்க. இதுல ஒண்ணும் மாத்தலீங்க."

"நீங்களும் கடைக்காரருதானுங்களே" என்றார் கவுண்டர்.

ராவுத்தருக்குக் கோபமே வரவில்லை. மூடிகளைப் பொருத்தினார். "நான் சொல்ல வேண்டாமுங்க. கண்ணை மூடிக்கிட்டு அமுக்கிப் பாருங்க."

ராவுத்தர் கையில் வைத்த முதல் வாட்சின் பொத்தான் ஓட்டவும் நிறுத்தவும் ஒரே மாதிரி மெதுவாக அமுங்கியது. கவுண்டர் இல்லையென்று தலையை ஆட்டினார். இரண்டாவது, ஓட்டும்போது முரண்டு பிடித்தது. நிறுத்தும்போது லேசாக அமுங்கியது. அவர் முகமே மாறிவிட்டது.

"இதுதானுங்க என்ர வாட்சு! எத்தனையோ வருசமா ஒவ்வொரு வண்டிக்கும் இந்தக் கட்டைவிரல்ல அமுக்கறதுதானுங்களே."

"அந்த முரண்டு தகடு வெச்ச மிஷினோடதுங்க. மிஷின் மாறியிருந்தா அது எப்படி இருக்கும்?" என்றார் ராவுத்தர். கவுண்டர் கண்ணைத் திறந்தார். எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்ததும் கேட்டேன்: "அவரு தெரிஞ்சே மச்சான் வாட்சைக் காட்டியிருந்தா என்னங்க பண்ணியிருப்பீங்க?"

"பந்தயத்துல சொந்த அண்ணன் வண்டி தோத்தப்பவும் நேரத்தை மாத்திச் சொல்லாதவருங்க அவரு."

கத்தியவரையும் அவர் நம்பியிருந்தார். அந்த மனசு எப்படிப்பட்டதென்று இன்றுவரை எனக்கு எட்டவில்லை.

இப்போது நானும் குரோனோகிராப்பைத் திறக்குமுன் கண்ணை மூடி அமுக்கிப் பார்க்கிறேன். ஆனால் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுவல்ல. தெருவைக் கடந்து வந்தபோது வாட்சைப் பார்க்குமுன் அவர் என் முகத்தைப் பார்த்தார். "நீங்க மாத்துனீங்களா?" என்று கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை.