மாடியில் ஓடிய காயில்காரர்

இரும்பு என்றால் காயில்காரருக்கு ஆகாது. காந்த ஆய்வுக்கூடத்தில் இருபத்தாறு வருஷமாகச் செம்புக் கம்பியைக் காயிலாக, சுருள் சுருளாகச் சுற்றுகிறவர். அளவுக் கருவிக்குப் பக்கத்தில் ஒரு குண்டூசி வந்தாலும் அளவு கெட்டுவிடும். அதனால் கைக்கடிகாரம் கட்டமாட்டார், சாவிக்கொத்து வாசலோடு நின்றுவிடும், பேண்ட்டுக்கு பெல்ட்டும் கிடையாது, நாடாதான். "கல்யாணத்துக்கும் நாடாவா?" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். உட்கார்ந்தே பார்க்கிற வேலை. இடுப்பைச் சுற்றியும் நாலு சுற்று ஏறியிருந்தது.

அங்கே மெல்லிய உலோகத் தகடுகளின் காந்தத்தை அளந்துகொண்டிருந்த விஞ்ஞானி அம்மாவுக்கு மூன்று வாரமாகத் தூக்கமில்லை. காலையில் நேர்கோடாகப் போகிற வரைபடம் பத்தரை மணிக்கு மேல் பேய் பிடித்த மாதிரி ஆடும். கொஞ்சம் அடங்கும், திரும்ப ஆடும்.

"அண்ணா, நீங்க சுத்தின காயில்லதான் ஏதோ கோளாறு" என்றார் ஒரு நாள்.

காயில்காரருக்குச் சுருக்கென்றது. முந்நூறு சுற்றையும் பிரித்து, முதலிலிருந்து சுற்றினார். இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் பத்தரைக்குக் கோடு மறுபடி ஆடியது.

"இனி காயில் மேல பழி போடாதீங்க மேடம்" என்றவர், காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். கோடு ஆடும்போதெல்லாம் மேலே கூரையில் திம் திம் என்று சத்தம்!

மூச்சு வாங்க மாடி ஏறினார். பழைய சாமான் போட்டிருந்த அறை இப்போது உடற்பயிற்சி ஆய்வுக்கூடமாகியிருந்தது. நடுவில் பெரிய டிரெட்மில், எதிரே கேமரா, கையில் அட்டையோடு ஓர் ஆய்வாளர் அம்மா.

"உங்க மிஷினைக் கொஞ்சம் நிறுத்துங்கம்மா. இது ஓடினா கீழ எங்க மேடத்தோட வரைபடக் கோடு ஆடுது, பொழப்பு கெடுது."

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வயசு?"

"ஐம்பது."

"தினமும் உடற்பயிற்சி உண்டா?"

"நீங்க வேற!"

"உங்களை மாதிரி ஆளைத்தான் தேடிட்டிருக்கேன். இங்க வர்றதெல்லாம் பந்தயத்துல ஓடறவங்க. பத்து நிமிஷம் ஏறுங்க. நடுநடுவே நிறுத்தி நிறுத்தி ஓட்டறேன், கீழ கோடு ஆடுதான்னு உங்க மேடம் பாத்துச் சொல்லட்டும்."

வகையாக மாட்டிக்கொண்டார். நெஞ்சில் இதயத் துடிப்பை அளக்கும் வார். தோளிலிருந்து கணுக்கால்வரை வெள்ளைப் பொட்டுகள். கேமரா பொட்டுகளைப் பின்தொடர, கணினி அதை ஒரு குச்சி மனிதனாக வரைந்து காட்டும். போனில் கீழே விஞ்ஞானி.

முதலில் நடை. அப்புறம் ஓட்டம். நாடா தளர்ந்தது.

"ஆடுது அண்ணா, ஆடுது!" போன் அலறியது. மிஷின் நின்றதும், "நின்னுடுச்சு!" மூன்று தடவையும் அப்படியே. கீழே வரைபடத்தைக் குலுக்கியது டிரெட்மில் மோட்டாரின் காந்தம்தான்.

"கண்டுபிடிச்சாச்சுல்ல, இறங்கட்டுமா?"

"இன்னும் நாலு நிமிஷம் இருக்கு."

முடிந்ததும் ஆய்வாளர் அம்மா திரையைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். "வலது கை அசையவே இல்லையே, தோள்ல ஏதாவது வலியா?"

"அது பேண்ட்டைப் பிடிச்சிருந்த கைம்மா."

விஞ்ஞானி மாடிக்கே வந்து மன்னிப்புக் கேட்டார். மதியம்வரை கீழே அளவெடுப்பு, மதியத்துக்கு மேல் மாடியில் ஓட்டம் என்று இரண்டு பேரும் பேசி முடித்தார்கள். ஆய்வாளர் அம்மா காயில்காரரையும் விடவில்லை, வாரத்துக்கு மூன்று நாள், பன்னிரண்டு வாரம் ஓட வைத்தார்.

"கடைக்குப் போகச் சொன்னா முட்டி வலி, அங்க மட்டும் ஓட்டமா?" என்றாள் மனைவி.

கடைசி வாரம் அவர் தன் வரைபடத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதே வேகத்தில் ஓடியும் நிமிஷத்துக்கு நூற்று ஐம்பத்தெட்டாக இருந்த துடிப்பு நூற்று முப்பத்தாறுக்கு இறங்கியிருந்தது. மனைவி அதை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தாள்.

"பொம்பளைங்களையும் சேத்துப்பாங்களா?"

"அடுத்த மாசத்திலிருந்து."

"அப்ப எனக்கு ஒரு நல்ல ஷூ வாங்கணும்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். காயில்காரர் அவள் வேகத்துக்கு ஈடுகொடுத்துக் கடைவரை கூடவே நடந்தார்.