மச்சினன் கத்த, மேனேஜர் ஓடுகிறார்

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கடைகள் மறுபடி திறக்கும் நேரத்தில், ஷார்ஜா முவைலாவில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து வெள்ளைக் கோட்டு ஒன்றையும் இரண்டு கொடிகளையும் எடுத்துக்கொண்டு நான் கிளம்புவேன். லிஃப்டில் என்னை முதல் தடவை அந்தக் கோலத்தில் பார்த்த பக்கத்து வீட்டு மலையாளி, எந்த ஆஸ்பத்திரியில் வேலை என்று கேட்டார். ஊரில் இருக்கும் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும். நான் கட்டட வடிவமைப்புக் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். வாரத்தில் ஒரு நாள் மட்டும், ஆஸ்திரேலியர்கள் ஆடும் ஒரு விநோதமான கால்பந்தாட்டத்தில் கோல் அம்பயர். தேங்காய் வடிவில் ஒரு பந்து. அதைக் கையால் பிடிக்கலாம், குத்தலாம், காலால் உதைக்கலாம். மைதானத்தின் இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்களுக்கு இடையே பந்து போனால் முழு கோல், ஆறு புள்ளி, நான் இரண்டு கொடிகளையும் அசைக்க வேண்டும். ஓரக் கம்பத்துப் பக்கம் போனால், அல்லது தடுப்பவன் கை பட்டு எல்லையைத் தாண்டினால், ஒரே ஒரு புள்ளி, ஒரே ஒரு கொடி. இவ்வளவுதான் என் உத்தியோகம். வாயைத் திறக்கவே வேண்டாம், அதனால்தான் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

தேர்ந்தெடுத்தவர் கிரெய்க், எங்கள் மேனேஜர். ஆறடிக்கு மேல் உயரம், காதுவரை சிவந்த முகம். துபாயில் இருக்கும் ஆஸ்திரேலியர்கள் சேர்ந்து ஓர் அணி வைத்திருந்தார்கள். அதில் அவர் ஆட்டக்காரர். வேறொரு கம்பெனியின் டைரக்டர், ஒரு விமான பைலட், ஒரு பள்ளிக்கூடத்துப் பிரின்சிபால் எல்லாரும் அதில் உண்டு. ஒருநாள் அவர் என் மேஜைக்கு வந்து, வெள்ளிக்கிழமை உனக்கு வேலை ஏதும் உண்டா என்று கேட்டார். மேனேஜர் கேட்டால் நமக்கு என்றைக்கு வேலை இருந்திருக்கிறது? இல்லை சார் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரம் கோட்டும் கொடியும் என் நாற்காலியில் இருந்தன.

என் மச்சினன் இசக்கி இந்தக் கதைக்குள் வந்தது அதற்கடுத்த வருஷம். என் மனைவி செல்விக்கு ஒரே தம்பி. ஏர்கண்டிஷன், தண்ணீர்க் குழாய் சமாச்சாரங்களில் இன்ஜினியர். விசாவுக்கு ஏற்பாடு செய்து, எங்கள் ஆபீசிலேயே சொல்லி வேலை வாங்கிக் கொடுத்து, விமான நிலையத்திலிருந்து பெட்டி தூக்கிக் கொண்டுவந்து, என் வீட்டு ஹாலில் பாய் விரித்துக் கொடுத்தவன் நான்தான். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று போகப் போகத் தெரியும். வந்த சில வாரத்தில், வீட்டில் சும்மா கிடப்பானே என்று ஒரு வெள்ளிக்கிழமை மைதானத்துக்கு அவனையும் கூட்டிப் போனேன். அன்றைக்கு ஆள் குறைந்தது. கிரெய்க் அவனைக் கைகாட்டி, இந்தப் பையன் ஓடுவானா என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் இசக்கி பேண்டை முழங்கால்வரை சுருட்டி முடித்திருந்தான்.

அவனுக்கு அந்தப் பந்தை உதைக்கத் தெரியாது. கடைசிவரை சரியாகத் தெரியவும் இல்லை. ஆனால் அவன் திருநெல்வேலிப் பக்கம் கபடி மைதானங்களில் மூலையில் நின்றவன். மூலையில் நிற்பவன்தான் பாடி வருகிறவனின் காலைப் பார்த்து, எப்போது பிடிக்க வேண்டும், யார் முதலில் பாய வேண்டும் என்று மற்றவர்களுக்குக் குரல் கொடுக்க வேண்டும். இங்கேயும் அவனைக் கடைசித் தடுப்பு வரிசையில், கோலுக்கு முன்னால், என் மூக்குக்கு நேரே நிறுத்தினார்கள். முதல் கால்மணி நேரம் பேசாமல் இருந்தான். பிறகு தொண்டையைத் திறந்தான். "பேக், கிரெய்க், பேக்! லெஃப்ட், லெஃப்ட்! ஒன் மேன் ஃப்ரீ!" கிரெய்க் ஓடினார். என் லீவு விண்ணப்பத்தை இரண்டு வாரம் மேஜையில் வைத்துக்கொண்டு யோசிக்கிற கிரெய்க், நேற்று வந்த என் மச்சினன் போ என்றால் போனார், வா என்றால் வந்தார். டைரக்டரும் ஓடினார். பிரின்சிபாலை இசக்கி ஒரு தடவை "வேர் ஆர் யூ லுக்கிங்?" என்றே கேட்டுவிட்டான். நான் கம்பத்துக்குப் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இனி நம் இரண்டு பேருக்கும் வேலை போகப் போகிறது என்றுதான் நினைத்தேன். ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் வந்து அவன் முதுகில் தட்டினார்கள். பிரின்சிபால் அவனுக்குக் குளிர்ந்த தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார்.

பிறகு எனக்கு விளக்கம் சொன்னது பைலட். இந்த ஆட்டத்தில் முன்னால் போய்க் கோல் போடுகிறவன் பந்தை மட்டும்தான் பார்க்கிறான். பின்னால் நிற்பவனுக்கு மைதானம் முழுவதும் முகத்துக்கு நேரே விரிந்து கிடக்கிறது. ஆகவே அவன்தான் பேச வேண்டும். கேப்டன் யாராக இருந்தாலும், பந்து பின்பக்கம் வந்துவிட்டால் அவன் சொல்தான் சட்டம். பேசாத தடுப்பாட்டக்காரன் இருப்பதைவிட அந்த இடம் காலியாக இருப்பது மேல் என்றார். எனக்கு இந்த நியாயம் புரிந்தது. புரிந்தும் வயிற்றெரிச்சல் குறையவில்லை. அவனைவிடப் பின்னால், கம்பத்துக்கும் பின்னால் நிற்கிறவன் நான். எனக்குத்தான் எல்லாவற்றையும்விட நன்றாகத் தெரிகிறது.

செல்வி ஒரு வெள்ளிக்கிழமை எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு ஆட்டம் பார்க்க வந்தாள். திரும்பி வரும்போது காரில் அதே பேச்சுதான். "தம்பி எப்படிக் கத்துதான் பாத்தீயளா? உங்க மேனேஜரே ஓடுதாரு." பின் சீட்டில் இருந்த இசக்கி, "அக்கா, சும்மா இரு. அத்தான் டயர்டா இருக்காவ" என்றான். அவன் மேல் ஒரு குற்றம் சொல்ல முடியாது, அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. நான் ஹாலுக்கு வந்தால் சோபாவிலிருந்து எழுந்துகொள்வான். என் முன்னால் கால்மேல் கால் போட மாட்டான். அவர்கள் அவனுக்கு 'இஸ்ஸி' என்று செல்லப் பெயர்கூட வைத்துவிட்டார்கள். நான் இத்தனை வருஷமாக மிஸ்டர் அருணாசலமாகவே இருந்தேன், அதையும் பாதியில் விழுங்குவார்கள். வீட்டில் செல்வி அவனுக்குப் பெரிய மீன் துண்டாகப் பார்த்து வைக்கும்போது, அதையும் நான் கவனிக்க ஆரம்பித்தேன். எனக்கே அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கண் அங்கேதான் போனது.

இதற்கிடையில் எங்கள் ஆபீசில் கோஆர்டினேட்டராக இருந்த லெபனான்காரர் கனடாவுக்குக் கிளம்பினார். அந்த நாற்காலிக்காகத்தான் நான் ஷார்ஜாவிலிருந்து துபாய்க்குத் தினமும் டிராஃபிக்கில் ஊர்ந்துகொண்டிருந்தேன். ஒரு கட்டடத்தில் தூண் எங்கே, குழாய் எங்கே, வயர் எங்கே என்று எல்லார் வரைபடங்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, எது எதோடு மோதுகிறது என்று சொல்கிற வேலை அது. எனக்கு அதில் யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஒரு தடவை கிரெய்க் அவர் கைப்படப் போட்ட ஸ்கெட்சில் ஒரு பீம் தவறான மட்டத்தில் இருந்தது. அதை அவருக்கே தெரியாமல் திருத்தி, சத்தமில்லாமல் வரைபடத்தை மாற்றி வைத்தேன். இதைவிட ஒரு மேலதிகாரிக்கு என்ன மரியாதை செய்ய முடியும்? ஊரில் நான் முதலில் வேலை பார்த்த ஆபீசில், கான்ட்ராக்டர்களுக்கு முன்னால் பெரிய அதிகாரியின் கணக்கில் பிழை இருக்கிறது என்று சொன்ன ஒரு சர்வேயர், அடுத்த மாதமே மாற்றலாகிப் போனார். அவர் சொன்னது சரி என்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். சொன்னதுதான் தப்பு என்றும் எல்லாருக்கும் தெரியும். நான் அந்தப் பாடத்தைப் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தவன். இசக்கியும் அதே தாமிரபரணித் தண்ணீர் குடித்தவன்தான். அவனுக்கு மட்டும் எப்படி அந்தப் பாடம் ஒட்டவில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நாற்காலி காலியாகி இரண்டொரு வாரம் இருக்கும். அபுதாபி அணியோடு ஆட்டம். ஒருவர் வேலையில் மாட்டிக்கொண்டார், இன்னொருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கொடியை வேறு யாரிடமோ கொடுத்துவிட்டு என்னை உள்ளே இறக்கினார்கள், இசக்கிக்குப் பக்கத்தில் ஓர் ஓரமாக. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் குஷியாக இருந்தது. செல்வி பார்த்துக்கொண்டிருந்தாள். கிரெய்க்கும் பார்க்கட்டும் என்று நினைத்தேன். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் நாங்கள் சொற்பப் புள்ளிகள் முன்னால் இருந்தோம். இசக்கி எதிராளி ஒருவனோடு புல்லில் உருண்டு கிடந்தான். பந்து உயரே எழுந்து வந்தது. அதைப் பிடிக்க கிரெய்க் பின்னால் நகர்ந்து வந்து, கையை விரித்து, அண்ணாந்து நின்றார். அவருக்குப் பின்னாலிருந்து அபுதாபிக்காரன் ஒருவன் பாய்ந்து வருவதை நான் பார்த்தேன். என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. கிரெய்க் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் மேனேஜரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு என் நாக்குக்குப் பழக்கமே இல்லை. "சார்" என்றேன். பிறகு "எக்ஸ்கியூஸ் மீ, சார்" என்றேன். அதற்குள் அவன் அவர் தோளுக்கு மேல் எழும்பிப் பந்தைப் பறித்து, இறங்கி, கோல் போட்டு, கையை உயர்த்திக்கொண்டு ஓடிவிட்டான். தோற்றோம்.

இங்கே வாரத்தின் முதல் வேலை நாளான ஞாயிற்றுக்கிழமை காலை கிரெய்க் தன் அறைக்குக் கூப்பிட்டார். கோபமாக இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும்.

"அவன் வருவதை நீ பார்த்தாயா?" என்றார்.

"பார்த்தேன், சார்."

"பிறகு ஏன் சொல்லவில்லை?"

"உங்களுக்கே தெரிந்திருக்கும் என்று நினைத்தேன், சார்."

அவர் தன் முதுகில் கண் கிடையாது என்றார். அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது, கெட்ட யோசனை. என் விசுவாசத்தைக் காட்டிவிடலாம் என்று அந்த பீம் விஷயத்தைச் சொன்னேன். உங்கள் தவறை யாருக்கும் தெரியாமல் நான் திருத்தி வைத்தேன், சார், யாரிடமும் மூச்சு விடவில்லை என்றேன். அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்து, அந்தத் தவறை அதற்குப் பிறகும் இரண்டு இடத்தில் தான் செய்திருக்கலாமே, தனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். யெஸ் சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

கோஆர்டினேட்டர் நாற்காலி இசக்கிக்குப் போனது. அவன் வயது என்ன, அனுபவம் என்ன என்றெல்லாம் நான் செல்வியிடம் பேசவில்லை, அவள் கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள். இசக்கி வந்து என் முன்னால் நின்று, "அத்தான், நீங்க வேண்டாம்னு சொன்னா நான் எடுக்கல" என்றான். மனசாரத்தான் சொன்னான். அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டாம் என்று சொல்கிற தைரியம் எனக்கு இருந்திருந்தால் அந்த நாற்காலியே என்னுடையதாக இருந்திருக்குமே. "எடுத்துக்க மாப்ள, நல்லாரு" என்றேன். கேசரியும் இரண்டு கரண்டி தின்றேன்.

மீட்டிங்குகளில் இப்போது அவன் பேசுகிறான், கிரெய்க் குறித்துக்கொள்கிறார். நான் ஓரத்து நாற்காலியில் இருந்து கேட்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் மறுபடி கோட்டை மாட்டிக்கொண்டு கம்பத்துக்குப் பின்னால் போய்விட்டேன். அங்கே நின்றுகொண்டு நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். எதிரணியின் பந்து இசக்கியின் தலைக்கு மேல் போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவன் ஒரே ஒரு தடவை எல்லார் முன்னாலும் தப்பாகக் கத்த வேண்டும். அவ்வளவு போதும் எனக்கு.

மஸ்கட்டிலிருந்து ஓர் அணி வந்திருந்த அன்று அது நடக்கப் போவதாகத் தோன்றியது. பந்து நெட்டுக்குத்தாக எழும்பி என் கம்பங்களை நோக்கி இறங்கியது. இசக்கி வானத்தைப் பார்த்தபடி பின்னோக்கி ஓடி வந்தான். பந்து அவனுக்கு எட்டாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நிச்சயம் கோல். இரண்டு கொடிகளையும் இறுகப் பிடித்துக்கொண்டேன், மனசு ஜில்லென்று ஆனது. அப்போதுதான் பக்கவாட்டில் மஸ்கட்காரன் ஒருவன், எருமை கணக்காக, முழங்காலைத் தூக்கிக்கொண்டு இசக்கியின் முதுகுக்கு நேரே பாய்ந்து வருவதைப் பார்த்தேன். மற்றவர்கள் எல்லாரும் முன்னால் போயிருந்தார்கள். குரல் கொடுக்க அவனுக்கு யாரும் இல்லை.

"ஏலே இசக்கி, பின்னால ஆளு வாரான், விலகுலே!"

மைதானம் முழுவதும் கேட்டிருக்கும். என் குரல்தானா என்று நானே திரும்பிப் பார்த்தேன். இசக்கி சட்டென்று ஒதுங்கினான். வந்தவன் காற்றை இடித்துக்கொண்டு விழுந்தான். இசக்கி திரும்பி, ஒரு கையை நீட்டி, போய்க்கொண்டிருந்த பந்தை விரல் நுனியால் குத்தினான். பந்து கம்பங்களுக்கு நடுவே எல்லையைத் தாண்டி உருண்டது. மஸ்கட் கேப்டன் என்னைக் காட்டிக் கத்த ஆரம்பித்தான். தூரத்தில் கிரெய்க் இடுப்பில் கை வைத்து, வாய் பிளந்து என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். இசக்கி மூச்சு வாங்க என் பக்கம் வந்து, "அத்தான், நீங்க கத்தலைன்னா என் முதுகு போயிருக்கும்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

நடுவர் விசிலை ஊதிக்கொண்டு ஓடி வந்தார். கோல் அம்பயர் வாய் திறக்கக் கூடாது என்று தெரியாதா என்றார். பிறகு, நீ எந்தப் பக்கம் என்று கேட்டார்.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் கோட்டைச் சரிசெய்துகொண்டு, ஒரு கொடியைக் கீழே வைத்துவிட்டு, மற்றதை உயர்த்தி அசைத்தேன். இசக்கியின் விரல் பட்டுப் போன பந்துக்காக மஸ்கட்காரர்களுக்கு ஒரு புள்ளி. தேவைக்கு மேலேயே கொஞ்ச நேரம் அசைத்தேன்.