அக்கா முழங்காலில் வைத்த பூ

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியாகிய என் வணக்கம். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். நாலு பேர் கூடிய இடத்தில் பேச எனக்கு வராது. கருமாதி அன்று ஆளாளுக்கு எழுந்து அக்காவைப் பற்றிப் பேசியபோது நான் சமையல்காரருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்று பேசாததை இங்கே எழுதுகிறேன். அக்காவின் பெருமை இதில் வரும். எனக்கு ஆறாமல் கிடப்பதும் வரும்.

அக்கா பிறந்தது அண்ணாகிராமம் பக்கத்துக் கிராமம் ஒன்றில். அப்பாவுக்குக் கொஞ்சம் முந்திரித் தோப்பு இருந்தது. எனக்குப் படிப்பு ஏறவில்லை, அக்காவுக்கு ஏறியது. சிதம்பரத்தில் விலங்கியல் படித்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தார். பிள்ளை இல்லை. மாமா விபத்தில் போன பிறகு எங்களோடு வந்துவிடச் சொல்லி எத்தனையோ முறை கூப்பிட்டேன். "எனக்கு வேல இருக்குடா, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்பார். தன் கஷ்டத்தை யார் தலையிலும் இறக்கமாட்டார். அதை அப்போது நான் நல்ல குணமென்று நினைத்திருந்தேன்.

கடைசியில் அக்கா வந்தது என் மூத்த மகள் தேன்மொழிக்காக. நான் கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்கு ஐஸ் கட்டி ஏற்றிப்போகும் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். ஏழாவது படிக்கும்போது தேன்மொழிக்கு வகுப்பிலேயே வலிப்பு வந்தது. பிறகு மறுபடியும் வந்தது. மற்ற பிள்ளைகள் பயப்படுகிறார்கள், முழுசாகக் குணமானதும் கூட்டிவாருங்கள் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். எனக்கு எதிர்த்துப் பேசத் தெரியவில்லை. அக்காவுக்குப் போன் போட்டு அழுதேன். மறுவாரமே வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். "அவள வூட்லயே நான் படிக்க வெக்கிறேன். பத்தாவது தனியா எழுதட்டும்" என்றார்.

கணக்கிலோ இங்கிலீஷிலோ அக்கா தொடங்கவில்லை. "மொதல்ல ஒன் ஒடம்ப நீ தெரிஞ்சிக்க. அப்பதான் அதப் பாத்து நீ பயப்படமாட்ட" என்று தேன்மொழியிடம் சொன்னார். மொட்டை மாடியில் இளையவள் யாழினியைப் படுக்கவைத்து, அவளைச் சுற்றிக் கோலமாவில் கோடு இழுத்தார். யாழினி எழுந்ததும் தரையில் ஓர் ஆள் உருவம் இருந்தது. அதற்குள் ஈர்க்குச்சியை அடுக்கினால் விலா எலும்பு. இரண்டு முந்திரிக்கொட்டை வைத்தால் சிறுநீரகம். குடலுக்கு என் மனைவி துணி காயப்போடும் கொடிக்கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். அதை வயிற்றுக்குள் சுருட்டி அடக்கப் பிள்ளைகள் பட்ட பாடும் சிரிப்பும் கீழே தெருவரை கேட்டது. அந்த உருவம் அழியாமல் இருக்கட்டும் என்று நானே ஒருநாள் வெள்ளைப் பெயின்டால் அதன்மேல் கோடு போட்டுக் கொடுத்தேன்.

இதயம் படிக்கும் வாரத்தில் என்னைக் கறிக்கடைக்கு அனுப்பினார். ஆட்டு இதயம் முழுசாக வேண்டும், வெட்டக்கூடாது என்று கேட்டேன். கடைக்கார பாய் சிரித்துக்கொண்டே, "இன்னா மச்சான், ஆட்டுக்குப் போஸ்ட்மார்ட்டமா? ரிப்போர்ட் வந்தா சொல்லு, அது எதுல செத்துச்சுன்னு எனக்கும் தெரியட்டும்" என்றார். அதற்குப் பிறகு ஈரல், நுரையீரல் எது நன்றாக இருந்தாலும் "டீச்சரம்மாவுக்கு" என்று எடுத்துவைத்து அனுப்புவார்.

வலிப்பு என்பது மூளைக்குள் ஓடும் மின்சாரம் தாறுமாறாவது, சாமி குற்றமல்ல என்று அக்கா தேன்மொழிக்குப் படம் போட்டுச் சொல்லிக் கொடுத்தார். ஒருமுறை அவளுக்கு வாசலிலேயே வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அம்மா, அவள் கையில் கொடுக்கச் சாவிக்கொத்தோடு ஓடிவந்தார். சின்னவள் யாழினி குறுக்கே நின்று, "சாவியெல்லாம் வேணாம் பெரியம்மா. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சா போதும், தானா அடங்கும்" என்றாள். அன்று எனக்கு அக்காவைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

பெண் உடம்பு, ஆண் உடம்பு எல்லாவற்றையும் அக்கா சொல்லிக் கொடுத்தார். வெட்கப்பட்டு எழுந்துபோன என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். குமராட்சியிலிருந்து வந்த என் மைத்துனர் இதைப் பார்த்துவிட்டு, "இன்னா மாமா இது, வயசுப் பொண்ணுங்ககிட்ட இதெல்லாம் பேசறாங்க, நீங்களும் ஒக்காந்து கேக்கறீங்க?" என்றார். அக்கா விடவில்லை. "தம்பி, நீங்க மட்டும் ஒடம்பில்லாம வந்தீங்களா? வாங்க, நீங்களும் ஒக்காருங்க" என்றார். மைத்துனர் காப்பியைக்கூடக் குடிக்காமல் வண்டியை எடுத்தார்.

எங்கள் வீட்டில் அக்கா கொண்டுவந்த பழக்கம் ஒன்று உண்டு. சாயங்காலம் எல்லோரும் மாடிக்குப் போய், அன்றைக்கு உடம்பில் எங்கே வலித்ததோ, தரை உருவத்தில் அந்த இடத்தில் ஒரு நந்தியாவட்டைப் பூ வைக்கவேண்டும். பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும். எனக்கு மூலம் வந்தபோது அதைச் சொல்லக் கூசித் தோளில் வைத்தேன். "பொய்ப் பூ வெக்காத தம்பி. நீ ஒக்கார்ற அழகுலயே தெரியுது" என்று அக்கா சொல்ல, என் மனைவி உட்பட எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் என்னை டாக்டரிடம் அனுப்பினார். உடம்பில் சொல்லக்கூடாத இடம் என்று ஒன்று கிடையாது என்பார். பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லியிருந்தார்: உடம்பு விஷயத்தை யாராவது "வெளியே சொல்லாதே" என்று சொன்னால், அன்றைக்கே வந்து அப்பா அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும். சொல்பவர் யாராக இருந்தாலும் சரி.

தேன்மொழி பத்தாவது எழுதிய அந்த வருடம் முழுக்க அக்கா தன் பூவை முழங்காலில் வைத்தார். "வயசாவுதுல்ல, மூட்டுதான்" என்பார். நான் தைலம் வாங்கிக் கொடுத்தேன். தேய்த்தும் கொண்டார்.

பரீட்சை முடிந்த வாரம் அக்கா காய்ச்சலில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் மறைப்புக்குள் சோதித்துவிட்டு வெளியே வந்து எங்களை ஒரு பார்வை பார்த்தார். மார்பில் கட்டி, உடைந்து புண்ணாகவே ஆகிவிட்டது என்றார். "இது எப்பலேருந்து இருக்கு?" என்று அக்காவைக் கேட்டார். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். என் பின்னாலிருந்து தேன்மொழி சொன்னாள்: "தீபாவளிக்கு முன்னாடியிலிருந்து."

நாங்கள் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம். அந்தப் பார்வையில் பிள்ளை அப்படியே சுருங்கிப்போனாள்.

கையைத் தூக்கமுடியாத அத்தைக்கு ரவிக்கை ஊக்கு மாட்டிவிடும்போது அவள் கட்டியைப் பார்த்திருக்கிறாள். "அப்பாகிட்ட சொல்லிடாதம்மா, அவன் பயந்துடுவான். ஒனக்குப் பரீட்சை முடியட்டும், நானே டாக்டர்கிட்ட போறேன்" என்று அக்கா கேட்டுக்கொண்டிருக்கிறார். "நீங்கதானே அத்த சொல்லணும்னு சொல்லிக் குடுத்தீங்க?" என்று பிள்ளை கேட்டிருக்கிறாள். "இது வேற" என்று அக்கா சொல்லிவிட்டார். அந்த ரகசியத்தைத் தூக்கிக்கொண்டுதான் அவள் பரீட்சைக்குப் படித்தாள்.

நோய் எலும்புக்கும் நுரையீரலுக்கும் போய்விட்டது என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியிலும் வலிக்கு மருந்து கொடுப்பதைத் தவிர வழியில்லை என்றார்கள். வார்டில் ஒருநாள் அக்காவிடம் கேட்டேன்.

"ஏன்க்கா இப்புடிப் பண்ண?"

"நான் ஆஸ்பத்திரின்னு போயிருந்தா அவ படிப்பு நின்னிருக்கும்."

"அடுத்த வருசம் எழுதியிருப்பா. இப்ப அவளால உன்னக் காப்பாத்த முடியுமா?"

"ஒனக்குப் புரியாது தம்பி."

படிக்காதவன் என்று என்னை யார் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அக்கா சொன்னதில்லை. அன்றுதான் சொன்னார். அதற்குப் பிறகு கஞ்சி ஊட்டினேன், துணி மாற்றினேன், இதைப் பற்றிப் பேசவில்லை. மழைக்காலம் தொடங்குமுன் அக்கா கண்ணை மூடினார்.

கருமாதிச் சாப்பாட்டில், "கூடவே இருந்த பொண்ணு வாயத் தொறந்திருந்தா அந்தம்மா இன்னிக்கு உசுரோட இருக்கும்" என்று ஒரு குரல் கேட்டது. யாரென்று எழுதமாட்டேன். தேன்மொழி கேட்டுவிட்டாள். நின்றிருந்த வலிப்பு மறுபடி வந்தது. பாஸ் ஆகியும் பதினொன்றாம் வகுப்பில் சேரமாட்டேன் என்றாள். "நான் சொல்லியிருந்தா அத்த இருந்திருப்பாங்களாப்பா?" என்று ஒருநாள் கேட்டாள். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "இருந்திருக்கலாம். ஆனா சொல்லவேண்டியது ஒன் வேல இல்லம்மா. அது அத்தையோட வேல. அவங்க செய்யல, ஒன்னையும் செய்ய விடல" என்றேன்.

இதைச் சொந்தங்கள் எல்லோருக்கும் அச்சில் சொல்லவேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். என் மகள் அத்தையைக் கொல்லவில்லை. உலகத்தில் யாரை அவள் மிகவும் நம்பினாளோ, அவர் கேட்டுக்கொண்டதைச் செய்தாள். அந்த நம்பிக்கையை அக்கா அப்படிப் பயன்படுத்தியிருக்கக் கூடாது. எங்களுக்கு அத்தனை செய்தவர் என்பதால்தான் இது இவ்வளவு வலிக்கிறது. அக்காவுக்குத் திதி கொடுப்பேன், வருடா வருடம் கொடுப்பேன். கோபம் போய்விட்டதென்று மட்டும் என்னால் எழுதமுடியாது.

அக்காவின் கடைசி நாட்களில் கடையை அடைத்துவிட்டு ஆம்புலன்சில் எங்களோடு வந்த கறிக்கடை பாய்க்கும், குமராட்சியிலிருந்து அரிசி மூட்டையோடு வந்து பந்தல் வேலை முழுதும் பார்த்த மைத்துனருக்கும், முகம் சுளிக்காமல் புண்ணுக்குக் கட்டுப் போட்ட நர்சுகளுக்கும், இராப்பகல் துணையிருந்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. திதியன்று தேன்மொழிதான் உங்களுக்குப் பரிமாறுவாள். அவளிடம் எதையும் கேட்காதீர்கள். வாங்கிச் சாப்பிடுங்கள், அது போதும்.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதை அவளிடம் படிக்கக் கொடுத்தேன். படித்து முடித்துத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "எனக்கும் அத்தமேல கோவம்தாம்பா. அதயும் இதுல எழுதலாமா?" என்று கேட்டாள்.

எழுதிவிட்டேன்.