விஹாரத்துக்குள் ஒரு வாய்மொழித் தேர்வு

வெளிநாட்டு மாணவர் பிரிவில் வேலை என்றால் பறக்கிற வேலை என்று நினைக்கிறார்கள். நாங்கள் பறப்பதெல்லாம் தரைத்தளத்துக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில்தான்.

நியூ டவுனில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பதினோரு வருஷமாக இந்த வேலை. ஃபைலைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்தவர் கையெழுத்துக்காக வராந்தாவில் தவம் கிடந்தவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு உட்கார வராது. நின்றுகொண்டே சாப்பிடுவேன். ஆட்டோ சிக்னலில் நின்றால் இறங்கி நடந்துவிடலாமா என்று தோன்றும்.

வயசு என்ன?

லியென் வியட்நாமிலிருந்து வந்த பிக்குணி. மொட்டைத் தலை, பழுப்பு அங்கி, முதுகில் லேப்டாப் பை. பௌத்த ஆய்வில் முனைவர் பட்டத்துக்குச் சேர வந்தவள், வணக்கம் சொல்லி முடித்த கையோடு என் வயசைக் கேட்டாள். பக்கத்து மேஜை சுபங்கர்-தா (இங்கே அண்ணனுக்குத் 'தா') டீயை அப்படியே கீழே வைத்துவிட்டார். நான் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, பாஸ்போர்ட் நகலை எடு என்றேன்.

நகலை எடுத்துக் கொடுத்தாள். வயசு பதில் வரவில்லையே என்று காத்துக்கொண்டும் நின்றாள். கடைசியில் நாற்பத்தாறு என்று சொல்லித் தொலைத்தேன். அவள் முகத்தில் நிம்மதி.

"அப்ப நீங்க அக்கா. வயசு தெரியாம எங்க ஊர்ல யாரையும் எப்படிக் கூப்பிடறதுன்னே தெரியாது."

ஏழு நாள்

நாலு வருஷம் ஓடிற்று. ஆய்வேட்டைக் கொடுத்தாகிவிட்டது, வாய்மொழித் தேர்வு ஒன்றுதான் பாக்கி. தேதி ஒரு வியாழக்கிழமை என்று முடிவானது. நல்ல மழைக்காலம். அப்போதுதான் அந்த விஷயத்தைச் சொன்னாள். மழை மூன்று மாதமும் பிக்குணிகள் தங்கள் விஹாரத்து எல்லையைத் தாண்டக் கூடாது, அது ஒரு விரதம். பக்கத்து ராஜர்ஹாட்டுக்கு உள்ளே ஒரு மாடி வீடுதான் விஹாரம். ஐந்து பிக்குணிகள், ஒரு இரும்புக் கேட். அந்தக் கேட்தான் எல்லை. தவிர்க்க முடியாத காரியம் என்றால் மூத்த பிக்குணியிடம் கேட்டு ஏழு நாள் வெளியே வரலாம், ஒரு மழைக்காலத்துக்கு ஒரே முறை. அதை மீறினால் அந்த வருஷத்து விரதமே கணக்கில் வராது. அவர்களுக்குள் யார் மூத்தவர் என்பதே எத்தனை மழைக்கால விரதம் முடித்தார்கள் என்பதை வைத்துத்தான். அவளுக்கு அது பத்தாவது.

புதன்கிழமையிலிருந்து அந்த ஏழு நாளை எடுத்துக்கொள்கிறேன் என்றாள். நான் சும்மா இருந்திருக்க வேண்டும். நூலகம், ஹாஸ்டல், லேப் என்று ஏகப்பட்ட கையெழுத்து இருக்கிறது, திங்கட்கிழமையே வந்துவிடு என்று விரட்டினேன். வந்தாள். எல்லாக் கையெழுத்தும் செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.

"அக்கா, இப்ப வியாழக்கிழமை வரைக்கும் நான் என்ன பண்ணட்டும்?"

ஒரு வரி நோட்டீஸ்

புதன்கிழமை காலை போர்டில் ஒரு வரி ஒட்டியிருந்தது. வெளியூர்த் தேர்வாளரின் ரயில் ரத்தானதால் தேர்வு அடுத்த திங்கட்கிழமைக்குத் தள்ளிவைக்கப்படுகிறது. அவளுடைய ஏழு நாள் ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. அவள் சொன்னபடி புதன்கிழமை கிளம்பியிருந்தால் அடுத்த செவ்வாய் வரை கையில் இருந்திருக்கும்.

அந்தத் திங்களை விட்டால் தேர்வாளர் ஒரு வருஷம் வெளிநாடு போகிறார். விரதம் முடிகிற வாரத்தில் லியெனின் விசாவும் முடிகிறது. பட்டம் வேண்டுமென்றால் விரதம் போச்சு, விரதம் வேண்டுமென்றால் பட்டம் போச்சு. எல்லாம் என் அவசரத்தால் வந்தது. அவளிடம் இதைச் சொல்லச் சுபங்கர்-தாவை அனுப்பினேன். அவள் வந்து நோட்டீசை இரண்டு தடவை படித்தாள். கண் கலங்கியிருந்தது. என் மேல் ஒரு குற்றமும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் உள்ள போயிடுவேன் அக்கா. பட்டம் இன்னொரு தடவை முயற்சி பண்ணிக்கலாம்."

இடம் என்கிற கட்டம்

வாய்மொழித் தேர்வுப் படிவத்தில் 'இடம்' என்று ஒரு கட்டம் உண்டு. பதினோரு வருஷத்தில் அதில் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தவிர வேறு எதையும் நான் பார்த்ததில்லை. வேறு எதையும் எழுதக் கூடாது என்று எங்கேயாவது இருக்கிறதா? அன்றைக்கே விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். இல்லை. கட்டத்தில் விஹாரத்தின் முகவரியை எழுதினேன். லியெனின் வழிகாட்டிப் பேராசிரியை உடனே கையெழுத்துப் போட்டார்.

பதிவாளர் மட்டும் போடவில்லை. இன்றைக்கு விஹாரம், நாளைக்கு ஒருத்தன் காபி ஷாப் என்று எழுதுவான் என்றார். வியாழன் முழுக்க அவர் அறை வாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். வெள்ளிக்கிழமையும் நடந்தேன். கண்ணாடிக் கதவு வழியாக அவர் தலையும் என்னோடு சேர்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தது. மாலை நாலு மணிக்குக் கூப்பிட்டார். ஆபீசில் எல்லாருக்கும் நான் திதி, இங்கத்துப் பேச்சில் அக்கா.

"திதி, விதிக்காகப் போடலை. நீங்க நடக்கறது நிக்கணும், அதுக்காகப் போடறேன்."

கேட் வரை

திங்கட்கிழமை விஹாரத்தின் சாப்பாட்டு அறையில் தேர்வு. தேர்வாளருக்கு முழங்கால் வலி, அவருக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி, மற்றவர்கள் பாயில். வெளியே மழை கொட்டியது. நான் தாழ்வாரத்தில் நடக்க ஆரம்பித்ததும் சமையல் பார்க்கும் பிக்குணி ஒரு கட்டு கல்மிக் கீரையை என் முன்னால் வைத்து, ஆய்ந்து தரும்படி சைகை காட்டினாள். மறுக்க முடியவில்லை. உள்ளே தேர்வாளர் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்க, லியெனின் குரல் சில இடங்களில் தடுமாறி மறுபடி நிமிர்ந்தது. நான் ஒவ்வொரு இலையாகக் கிள்ளிக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரம்.

கதவு திறந்து தேர்வாளர் வந்தார். பட்டத்துக்குப் பரிந்துரை செய்துவிட்டதாகச் சொன்னார். நான் கீரையும் கையுமாக அழுதுவிட்டேன், வெட்கமாகத்தான் இருந்தது.

லியென் எங்களை வழியனுப்ப வந்தாள். நான் பேசிக்கொண்டே நாலு எட்டு வெளியே போய்விட்டேன். பக்கத்தில் ஆளைக் காணோம். திரும்பினால் கேட்டுக்கு உள்ளேயே குடையோடு நிற்கிறாள். நான் அங்கிருந்தபடியே, சான்றிதழ் படிவம் இருக்கிறது, புதன்கிழமை காலையிலேயே ஆபீசுக்கு வந்துவிடு என்றேன்.

"மழை முடியட்டும் அக்கா, வரேன்."

கடல் தாண்டி வந்தவள் ஒரு இரும்புக் கேட்டைத் தாண்டாமலே டாக்டர் ஆகிவிட்டாள்; அவளை அவசரப்படுத்திய எனக்குத்தான் அந்த ஒரு வாரத்தில் ஒரு ஜோடி செருப்பு தேய்ந்தது.