வலை இழுத்த நாயின் வம்சம்

பிரான்சில், தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் எங்கள் மேல்மாடியில் இருந்த பிரெஞ்சு மதாமின் லாப்ரடார் நாயைத் தினமும் நடக்கக் கூட்டிப்போனவர் ஒரு யாழ்ப்பாணத்து மீனவர். ஒல்லியான மனிதர். நாயின் கயிற்றை வலைக்கயிறு போல முழங்கையில் சுற்றித்தான் வைப்பார்.

ஒருநாள் மதாம் கொடுத்த நாய்ப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். "தங்கச்சி, இவன்ர பூர்வீகத்தை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ."

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். கர்வத்தோடு வாசித்துத் தமிழில் சொன்னேன். இவற்றின் முன்னோர் கனடாப் பக்கத்துத் தீவொன்றில் மீனவர்களோடு குளிர்கடலில் நீந்தி வலை இழுத்தவை. இங்கிலாந்துப் பிரபுக்கள் கப்பலில் கொண்டுபோய், வேட்டையில் சுட்டு வீழ்த்திய பறவையைக் கவ்விவரப் பழக்கினார்கள்.

"அப்ப இவன் எங்கட ஆள்! அதுதான் மீன் வெட்டின கையை நக்கிக்கொண்டே நிக்கிறான்" என்று சிரித்தார். பிறகு கேட்டார்: "திரும்பி ஊருக்குப் போனதுகளோ?"

"இல்லண்ணே. அங்க இருந்ததுங்களும் அழிஞ்சுபோச்சாம்."

அவர் மனைவியும் மகளும் இன்னும் ஊரில்தான் இருந்தார்கள். கடிதம் வந்து மாதங்களாகியிருந்தன. அது தெரிந்தும் புத்தகத்தின் அந்தக் கடைசி வரியையும் வாசித்துச் சொல்லிவிட்டேன்.

கயிற்றை அவிழ்த்து மறுபடி சுற்றினார். "நல்லா வாசிக்கிறீங்கள், தங்கச்சி" என்றார்.

யார் பாராட்டினாலும் வீட்டில் சொல்லிவிடுவேன். அதை மட்டும் இன்றுவரை சொன்னதில்லை.