கொம்பு வளைந்த பசுவுக்குப் போட்ட ஊசி

பேய், பிசாசு என்று யாராவது பேச ஆரம்பித்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போகிற ஆள் நான். கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவனுக்கு மாடு என்றால் நாலு கால், ஒரு வால், அவ்வளவுதான். ஆனாலும் இது எனக்கே நடந்தது; நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, சிரிக்காமல் கேட்டால் போதும்.

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையில் வெக்கை நோய் வந்து மாடுகள் வரிசையாகச் செத்துக்கொண்டிருந்தன. ஐஸ் போட்ட பிளாஸ்கில் மருந்தை எடுத்துக்கொண்டு ஒடுகத்தூரிலிருந்து முந்தின நாளே கிளம்பி, காவலூர் தாண்டி ஒரு சின்ன ஊரில் விடிந்ததும் தடுப்பு ஊசி போட ஆரம்பித்தேன். அந்த மருந்தைக் கரைத்துவிட்டால் கொஞ்ச நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும், மிஞ்சினால் கொட்டிவிட வேண்டும். எல்லாரும் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள், சிரிஞ்சில் ஒரே ஒரு மாட்டுக்கான மருந்துதான் மிச்சம், அதைக் கீழே பீச்சப் போகிறேன், மூடுபனிக்குள்ளிருந்து ஒரு செவலைப் பசு வந்து பக்கத்தில் நின்றது. இடது கொம்பு கண்ணுக்கு மேலே வளைந்திருந்தது. கயிறும் இல்லை, பிடித்துவர ஆளும் இல்லை. மருந்து வீணாகாமல் போயிற்றே என்று கழுத்தில் குத்தி முழுவதையும் இறக்கினேன். திரும்பி பிளாஸ்கை மூடுவதற்குள் மாட்டைக் காணோம்.

அப்போதுதான் ஒரு பெண் கிடாரிக் கன்றை இழுத்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"சார், போய்டாதீங்க சார்! எங்கூட்ல இருக்கறதே இது ஒண்ணுதான். இதும் பூடுச்சின்னா நாங்க இன்னா பண்றது?"

"மருந்து தீந்துடுச்சேம்மா. கடைசி ஊசிய இப்பதான் ஒரு செவலப் பசுவுக்குப் போட்டேன். ஒரு கொம்பு வளைஞ்சிருந்துச்சே, அதுக்கு."

அவள் முகம் வெளுத்துவிட்டது.

"இன்னா சார் சொல்றீங்க? அது இதோட ஆத்தாளுங்க. பள்ளத்துல உருண்டு செத்து ரெண்டு மாசம் ஆவுது. நானேதான் குழி தோண்டிப் பொதச்சேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஏதோ உளறுகிறாள் என்று காலி சிரிஞ்சை அவளிடம் காட்டுவதற்காக எடுத்தேன். அதில் மருந்து அப்படியே இருந்தது.

என் கட்டைவிரலால் அழுத்தி இறக்கிய மருந்து! அவள் கன்றைப் பிடித்துக்கொள்ள, எப்படியோ போட்டு முடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கன்று பிழைத்தது.

கிளம்பும்போது அவள் கேட்டாள்: "ஊசி குத்தறப்ப இதோட ஆத்தா துள்ளிச்சாங்க?"

"இல்லம்மா, அசையவே இல்ல."

"உசுரோட இருந்தப்ப ஊசின்னா ஊரையே கூட்டும் சார்," என்று சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

எந்த மாட்டுக்கும் ஊசி நுழைந்தால் தோல் ஒருமுறை சிலிர்க்கும். அதற்குச் சிலிர்க்கவில்லை. குத்தும்போதே அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் ஏன் மருந்தை இறக்கினேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.