கடிகாரத்துக்கு முன்னால் தைத்த காலர்

பாச்சாங் பக்கத்துத் தையல் ஃபேக்டரியில் பதினெட்டு வருஷமாகக் காலர் தைக்கிறவள் நான். பள்ளிக்கூடச் சட்டைக்கு உடம்பை யார் வேண்டுமானாலும் தைக்கலாம். காலர் முனை கூராக நிற்க வேண்டுமென்றால் என்னிடம்தான் வர வேண்டும். பீஸ் கணக்கில் கூலி கொடுத்த காலத்தில் எங்கள் லைனில் அதிகம் வாங்கியவள் நான்தான். தற்பெருமைதான், இருக்கட்டுமே.

அப்புறம் அரசாங்கம் குறைந்தபட்சச் சம்பளம் கொண்டுவந்தது. அது ஏற ஏற, எங்கள் முதலாளி தவுக்கே பீஸ் கணக்கை எடுத்துவிட்டு எல்லோருக்கும் ஒரே மாதச் சம்பளம் என்றார். அந்த நேரம் பார்த்து என் கொழுந்தனின் மனைவி வேலைக்குச் சேர்ந்தாள். நேற்று மிஷினில் உட்கார்ந்தவளுக்கும் எனக்கும் ஒரே சம்பளம்! மெர்லிமாவிலிருந்து வரும் ஃபேக்டரி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுதான் அவளுக்கு. முதல் சம்பளத்தன்று, "அக்கா, நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான் லா," என்று வெள்ளந்தியாகச் சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. நியாயமாகத் தவுக்கே மேல் வர வேண்டிய கோபம், அவள் மேல்தான் வந்தது.

போன வருஷம் சம்பளம் மறுபடி ஏறியது. கட்டுப்படியாகவில்லை, இனி மணிக்கு இத்தனை காலர் என்று டார்கெட் வைப்போம், எட்டாதவர்களுக்கு கான்ட்ராக்டை நீட்டிக்க மாட்டோம் என்றார்கள். எத்தனை என்று முடிவு செய்ய சூப்பர்வைசர் கடிகாரத்தோடு வருவார். கடிகாரம் வந்தால் என்ன செய்வதென்று லைனில் எல்லோருக்கும் தெரியும். நூலை அறுத்துக்கொள், ஊசியை மாற்று, துணியைத் தடவிக்கொண்டே இரு. வேகம் காட்டினால் அது நம் தலையில்தான் விடியும். இதைக் கொழுந்தன் மனைவிக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

சூப்பர்வைசர் முதலில் அவளிடம் வந்து நின்றார். சொன்னபடி ஆற அமரத் தைத்தாள். அவர் காலரைத் தூக்கிப் பார்த்து, "பரவால்லயே, அப்படியே அக்கா தையல்!" என்றார்.

என் தையலா! மிதித்தேன் பாருங்கள் பெடலை. நூல் அறவில்லை, ஊசி மாறவில்லை. கால் மணி நேரம் கழித்து நிமிர்ந்தபோது லைனே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. "உங்களுக்கென்ன கீலாவா, பைத்தியம் புடிச்சிருச்சாக்கா?" என்றாள் பின்னால் இருந்தவள். சூப்பர்வைசர் மட்டும் சந்தோஷமாக எழுதிக்கொண்டார்.

அந்த வேகமே எல்லோருக்கும் டார்கெட் ஆனது. நாள் முழுக்க அப்படி ஓட்ட என் மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை. அவள் மூன்றே வாரத்தில் எட்டிவிட்டாள். எனக்குத் தினமும் பத்துப் பன்னிரண்டு குறைந்தது. கான்ட்ராக்ட் முடிய இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தால், நான் தைத்துப் போட்டிருந்த கூடையில் காலர் கூடியிருந்தது. அவளைப் பார்த்தேன். தலையைத் தூக்காமலே, "எண்ணாதீங்கக்கா, தைங்க," என்றாள்.

அழுகை வந்திருக்க வேண்டும். நானோ அந்தக் காலர்களை ஒவ்வொன்றாக எடுத்து முனை பார்த்தேன். ஒன்றாவது கோணியிருக்காதா என்று தேடினேன். கோணவில்லை. என்னுடையதில் இரண்டு கோணியிருந்தன. அவளுடையதை மேலே வைத்துக் கட்டி, என் பெயர்ச் சீட்டைக் குத்தி அனுப்பினேன்.